தலை எண்ண மறுத்தவர்: சேர் பொன். இராமநாதனின் அரசியல்

லண்டனில் பதினான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு நூல்கள் அச்சாயின. 1916இல் வந்தது, இலங்கையில் முந்தைய ஆண்டு மூண்ட கலவரத்தையும் அதை அடக்குகிறோம் என்று பிரிட்டிஷ் அரசு நடத்திய இராணுவச் சட்ட ஆட்சியையும் பற்றியது. 1930இல் வந்தது ஒரு மகஜர். டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்குப் பரிந்துரைத்த அரசியலமைப்பையும், அதன் உயிர்நாடியான சர்வசன வாக்குரிமையையும் எதிர்த்து எழுதப்பட்டது. இரண்டையும் எழுதியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். முதல் நூலில் உள்ள வாதங்களுக்காகச் சிங்கள மக்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். இரண்டாவதில் உள்ளவற்றுக்காகப் பின்வந்த தலைமுறை, தமிழர்கள் உட்பட, அவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறது.

இதனால் இரண்டு இராமநாதன்கள் இருந்தார்கள் என்பது போல எழுதுவது வழக்கமாகிவிட்டது. மு. வைத்திலிங்கம் இரண்டு பாகங்களில் எழுதிய ஆங்கில வாழ்க்கை வரலாறு முதலாமவரைப் போற்றுகிறது. சாதியின் வரலாற்றையும் பெண்களின் வரலாற்றையும் எழுதுவோர் இரண்டாமவரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். என் வாசிப்பில் ஆள் ஒருவர்தான், கொள்கையும் ஒன்றுதான். ஒரு சமூகத்தின் பிரதிநிதி என்பவர் அந்தச் சமூகத்துக்காக மேலிடத்தில் வாதாடத் தகுதி படைத்தவர். அவரை எத்தனை பேர் அனுப்பினார்கள் என்பது இரண்டாம் பட்சம். இந்த எண்ணத்தோடு 28 வயதில் அரசியலுக்குள் வந்தார், 79 வயதில் இதே எண்ணத்தோடு போனார். இடையில் மாறியது அவர் வாதாடிய மன்றம்.

*

இலங்கைச் சட்டநிரூபண சபை 1833இல் அமைந்தபோது அதில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் ஆறு பேருக்கு இடம் இருந்தது. ஐரோப்பியருக்கு மூன்று, சிங்களவருக்கும் தமிழருக்கும் பறங்கியருக்கும் ஆளுக்கு ஒன்று. எல்லாரும் தேசாதிபதி கைகாட்டி அமர்ந்தவர்கள். தமிழருக்கான ஒற்றை ஆசனத்தில் முதலில் உட்கார்ந்தவர் இராமநாதனின் தாய்வழிப் பாட்டன் குமாரசுவாமி முதலியார். பின்னாளில் அதே ஆசனத்துக்கு வந்தவர் பாட்டனின் மகன் சேர் முத்துக்குமாரசுவாமி. இங்கிலாந்தில் பாரிஸ்டரானவர், ஆங்கிலேயப் பெண்ணை மணந்தவர், கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை. அவர் 1879 மே மாதம் இறந்தார். ஆசனம் மருமகன் இராமநாதனுக்கு வந்தது. இராமநாதனுக்குப் பிறகு சிறிது காலம் அவருடைய அண்ணன் குமாரசுவாமி அதில் இருந்தார். வீட்டுச் சொத்துப் போலக் கைமாறிய இந்த இடத்தை அன்று யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை.

இராமநாதன் 1851 ஏப்ரல் 16 அன்று கொழும்பில் பிறந்தார். தந்தை பொன்னம்பல முதலியார் கொழும்புக் கச்சேரியில் சிறாப்பர் (காசாளர்). கொச்சிக்கடையில் சிவன் கோயில் கட்டியவர். தாய் செல்லாச்சி அம்மையார், முன்சொன்ன குமாரசுவாமி முதலியாரின் மகள். பையன்கள் மூவர்: குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். மூவருமே ஏதோ ஒரு காலத்தில் சட்டநிரூபண சபையில் இருந்தார்கள். இராமநாதன் கொழும்பிலும் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1873இல் வழக்கறிஞரானார். பழைய தீர்ப்புகளைத் தேடித் தொகுத்து அவர் வெளியிட்ட சட்ட அறிக்கைகள் இன்றும் அவர் பெயராலேயே சுட்டப்படுகின்றன. அடிப்படையில் அவர் முன்தீர்ப்பை நம்பும் மனிதர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது பலவும் புரியும்.

1879இல் அந்த ஆசனத்துக்குப் போட்டி இருந்தது. எதிரே நின்றவர் வழக்கறிஞர் கிறிஸ்தோபர் பிரிட்டோ; யாழ்ப்பாண வைபவமாலையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்; கிறிஸ்தவர். வாக்குப் பெட்டி கிடையாது. யாருக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர்கள் நிற்கிறார்கள் என்று தேசாதிபதிக்குத் தெரியப்படுத்துவதுதான் போட்டி. ஆறுமுக நாவலர் இராமநாதன் பக்கம் நின்றார். உடல்நலம் குன்றியிருந்த அந்தக் கடைசி ஆண்டில் யாழ்ப்பாணத்தில் கூட்டம் கூட்டி, சைவர்களின் குரலாக ஒரு சைவரே போக வேண்டும் என்று ஆதரவு திரட்டினார். நாவலர் அந்த டிசம்பரில் மறைந்தார். இராமநாதனுக்குக் கிடைத்த முதல் அரசியல் பாடம் இதுதான்: சமயப் பெரியவர் சொல்ல, ஊர்ப் பெரியவர்கள் ஒப்ப, மேலிடம் ஏற்க, ஒருவர் மக்களின் பிரதிநிதி ஆகலாம்.

சபையில் அவர் பேசியது தமிழருக்காக மட்டும் என்று சொன்னால் அது தவறு. வெசாக் நாளைப் பொது விடுமுறையாக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். 1885இல் அது விடுமுறையாயிற்று. பௌத்தக் கல்விக்காக இலங்கை வந்த கர்னல் ஒல்கொட்டுக்குத் துணையாக நின்றார். 1904இல் கொழும்பு ஆனந்தாக் கல்லூரி மேடையில் ஏறி, படித்த சிங்களவர் தம் மொழியைக் கைவிட்டு ஆங்கில வேடம் பூணுவதைக் கடுமையாகக் கண்டித்தார். இன்றைய வாசகருக்கு இது வியப்பாக இருக்கும். ஒரு தமிழ்ச் சைவர் சிங்களவரிடம் சிங்களம் பேசச் சொல்லிக் கடிந்துகொள்கிறார், அவர்கள் கை தட்டுகிறார்கள். மரபு காத்தல் என்பது அன்று இன எல்லை தாண்டிய பொதுக் காரியமாக இருந்தது.

ஆனால் அதே சபையில், வெசாக் விடுமுறையான அதே பத்தாண்டில், ஒரு காயத்துக்கும் அவர் காரணமானார். இலங்கைச் சோனகர்கள் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் வேறுபட்டவர்கள் என்று 1885இல் சபையில் சொன்னார். 1888இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் அதையே ஆராய்ச்சிக் கட்டுரையாக வாசித்தார். மொழி, திருமணச் சடங்கு, உடை, உறவுமுறைப் பெயர்கள் என்று சான்றுகளை அடுக்கிய அக்கட்டுரை பார்வைக்கு இனவியல். ஆனால் முஸ்லிம்களுக்குச் சபையில் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த நேரம் அது. அவர்கள் தமிழர்தாம் என்று நிறுவப்பட்டால் தமிழ் உறுப்பினரே போதுமானவராகி விடுவார். 1889இல் அரசு முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கொடுத்தது. ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் இராமநாதனின் கட்டுரைக்கு மறுப்பாக ஒரு நூலே வெளியிட்டார். தன்னைத் தானே பெயரிட்டுக்கொள்ளும் உரிமை ஒரு சமூகத்துக்கு உண்டா, அல்லது அதைச் சான்றுகளை வைத்துப் படித்தவர் தீர்மானிக்கலாமா? இராமநாதன் இந்தக் கேள்வியை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சான்று இருந்தது, வாதம் வென்றது, வழக்கு முடிந்தது என்பதே அவர் நினைப்பு.

*

1890களின் தொடக்கத்தில் சபையை விட்டு சொலிசிட்டர் ஜெனரல் பதவிக்குப் போனார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அரச வழக்கறிஞராக இருந்தார். அந்த ஆண்டுகளின் அரசியல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சொல்ல வேண்டியது வேறு. தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகள் என்ற குருவிடம் அவர் யோகமும் வேதாந்த சித்தாந்தமும் பயின்றார். மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குச் சைவ நோக்கில் உரை எழுதி ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1905இல் அமெரிக்கா போனார். மேய்ன் மாநிலத்தின் கிரீன் ஏக்கரிலும் வேறு இடங்களிலும் ஆன்மாவின் பண்பாடு பற்றி உரையாற்றினார். அவை 1906இல் நூலாயின. அந்தப் பயணத்தில் செயலாளராக உடன் சென்ற ஆர். எல். ஹரிசன் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணியைப் பின்னர் மணந்தார். அவரே லீலாவதி இராமநாதன் ஆனவர்.

அரசியல் வரலாறு எழுதுவோர் இந்தப் பகுதியைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அப்படித் தாண்ட முடியவில்லை. சித்தாந்த மரபில் உபதேசம் பக்குவத்துக்கு ஏற்றது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிகள் உண்டு. கீழ்ப்படியில் நிற்பவருக்கு மேற்படி உடனே உரியதல்ல. அதை ஆன்மிகத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் பலர். இராமநாதன் நிறுத்திக்கொள்ளவில்லை. பக்குவப்பட்டவர் சமூகத்தை நடத்த வேண்டும், பக்குவமடையாதவர் நடத்தப்பட வேண்டும் என்ற எண்ணம் அவருடைய சமயச் சொற்பொழிவுக்கும் அரசியல் பேச்சுக்கும் பொதுவான அடித்தளம். அதன்மேல் வேளாள ஆதிக்கம் என்ற நடைமுறை உண்மை வசதியாகப் படிந்துகொண்டது. எது காரணம், எது சாக்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். அவரே பிரித்துப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

1911இல் முதன்முதலாக வாக்குப் பெட்டி வந்தது. படித்த இலங்கையர் என்ற பெயரில் தீவு முழுவதற்கும் ஒரே ஒரு தொகுதி. ஆங்கிலக் கல்வியும் வருமானமும் உள்ள சுமார் 3,000 ஆண்களுக்கு மட்டும் வாக்கு. 60 வயது இராமநாதன் ஓய்விலிருந்து திரும்பி வந்து டாக்டர் மார்க்கஸ் பெர்னாந்துவை எதிர்த்து நின்று வென்றார். வாக்காளரில் பெரும்பாலோர் சிங்களவர். அவர்கள் ஒரு தமிழரைத் தேர்ந்தெடுத்ததை இன ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. உண்மை அவ்வளவு இனிப்பானதல்ல. பெர்னாந்து கராவ சாதியினர். கொவிகமச் சிங்களவர் பலருக்கு, வேறு சாதிச் சிங்களவரைவிட உயர்சாதித் தமிழர் ஏற்புடையவராகத் தெரிந்தார். இராமநாதன் வென்ற முதல் தேர்தலிலேயே சாதி அவர் பக்கம் நின்று வாக்களித்தது.

*

1915க்கு வருவோம். இவரைப் பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

கம்பளையில் வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹெரா ஊர்வலம், பள்ளிவாசல் முன்பாக மேளதாளத்தோடு போகலாமா கூடாதா என்பதில் 1912 முதலே தகராறு. பள்ளிவாசல் கரையோரச் சோனகர்களுடையது. அவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்கு வந்தவர்கள். 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தம் பௌத்த மதச் சடங்குகளைக் காப்பதாக உறுதி கூறுகிறது என்பது தேவாலயத் தரப்பின் வாதம். கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அதை ஏற்றார். உயர் நீதிமன்றம் 1915இல் அத்தீர்ப்பைப் புரட்டியது. அவ்வாண்டு மே 28 வெசாக் இரவில் கண்டி நகரில் பள்ளிவாசல் ஒன்றின் அருகே ஊர்வலம் தடைபட்டபோது கைகலப்பு மூண்டு, சில நாட்களில் தென்மேற்கு இலங்கை முழுவதும் பரவியது. முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள், பள்ளிவாசல்கள் எரிந்தன, 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன.

ஐரோப்பாவில் போர் நடக்கிறது. ஜெர்மானியச் சதி என்று ஒரு பேச்சு. தேசாதிபதி ரொபர்ட் சால்மர்ஸ் ஜூன் 2 அன்று இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, அதிகாரத்தைப் பிரிகேடியர் மல்கமிடம் கொடுத்தார். பஞ்சாபிப் படையினர் இறக்கப்பட்டார்கள். தோட்டத்துரைமாரும் கொழும்பு வெள்ளையரும் தொண்டர் படையாகத் துப்பாக்கி தூக்கினார்கள். விசாரணையில்லாமல் கிராமத்தவர்களைச் சுட்டார்கள். மதுவிலக்கு இயக்கத்தில் இருந்த சிங்களத் தலைவர்கள் கூண்டோடு பிடிக்கப்பட்டார்கள்: எவ். ஆர். சேனாநாயக்க, அவர் தம்பி டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க. அநகாரிக தர்மபாலாவின் தம்பி எட்மண்ட் ஹேவாவிதாரண யாழ்ப்பாணச் சிறையில் இறந்தார். கொழும்பு நகரக் காவற்படையில் கப்டனாக இருந்த ஹென்றி பேதிரிஸ் இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு ஜூலை 7 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 26.

இந்தச் சூழலில் சட்டநிரூபண சபையில் எழுந்து நின்று பேசுவது சாதாரணக் காரியமல்ல. இராமநாதன் பேசினார், பல அமர்வுகளில், பல மணி நேரம். அவர் வாதத்தின் கட்டுமானம் வழக்கறிஞருக்கே உரியது. முதலில், இது அரசுக்கு எதிரான கிளர்ச்சி அல்ல, இரு மதத்தாரின் மோதல், இராசத்துரோகம் எங்கே? அடுத்து, கலவரம் சில நாளில் ஓய்ந்துவிட்டது. ஓய்ந்த பின்னும் ஆகஸ்ட் இறுதி வரை இராணுவச் சட்டம் எதற்கு? சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்க, இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை கொடுப்பது எந்தச் சட்டத்தில்? பிறகு, ஊரில் வாழ்ந்த ஒரே காரணத்துக்காகச் சிங்களவர் எல்லாரிடமும் நட்டஈடு அறவிடுவது எந்த நியாயத்தில்? ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஆள், ஊர், நாள் என்று சாட்சியங்களோடு பேசினார்.

போர்க்காலக் கடலில், நீர்மூழ்கிகளுக்கு நடுவே, லண்டனுக்குப் போய் குடியேற்ற நாட்டு அமைச்சின் கதவையும் தட்டினார். 1916இல் அங்கே அந்த நூல் வந்தது. சிங்கள வழக்கறிஞர் ஈ. டபிள்யூ. பெரேரா தன் பங்குக்கு இராணுவ ஆணை ஒன்றைச் சப்பாத்தின் அடியில் மறைத்து லண்டனுக்குக் கொண்டுபோனதாகச் சிங்கள மக்களிடையே ஒரு கதை உண்டு. சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார்; அவருக்குப் பின் வந்த தேசாதிபதி ஜோன் அண்டர்சன், நடந்த துப்பாக்கிச் சூடுகள் சிலவற்றைக் கண்டித்து எழுதினார். இராமநாதன் கப்பலால் இறங்கியபோது சிங்களத் தலைவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, துறைமுகத்திலிருந்து வார்ட் பிளேசில் இருந்த அவருடைய ‘சுகஸ்தான்’ மாளிகை வரை தாங்களே இழுத்துப் போனார்கள். இந்தக் காட்சியைச் சொல்லாமல் இராமநாதனைப் பற்றி எவரும் எழுதியதில்லை, நானும் விதிவிலக்கல்ல.

துணிச்சலைப் பற்றி ஐயமில்லை. ஆனால் அந்த வாதத்தை வரிவரியாகப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. ஒன்று, அது முழுக்க முழுக்க முடியாட்சிக்கு விசுவாசமான குடிமகனின் குரல். சிங்களவர் மன்னருக்கு விசுவாசமானவர்கள், ஆகவே அவர்களைத் துரோகிகள் என்பது தவறு என்பதே அடிநாதம். லண்டன் நியாயமான மேல் நீதிமன்றம், கொழும்பு அதிகாரிகள் தவறிழைத்த கீழ் நீதிமன்றம். அன்னிய ஆட்சிக்கு நீதி வழங்கும் தகுதி உண்டா என்ற கேள்வி அந்தப் பக்கங்களில் எழுவதே இல்லை.

மற்றது முஸ்லிம்கள். கலவரத்தில் அடிபட்டவர்கள் அவர்கள். இராமநாதனின் சொற்பொழிவுகளில் அவர்கள் பெரும்பாலும் தூண்டியவர்களாகவோ பின்னணியாகவோ வருகிறார்கள். தன் கட்சிக்காரருக்காக வாதாடும் வழக்கறிஞர் எதிர்த்தரப்பின் காயத்தை நீட்டிப் பேசமாட்டார். நீதிமன்றத்தில் அதற்கு இடமுண்டு, எதிர்த்தரப்புக்கும் ஒரு வழக்கறிஞர் இருப்பார். அரசியலில் அப்படியல்ல. தமிழ் பேசும் ஒரு சமூகம் வீடிழந்து கடையிழந்து நிற்க, தமிழரின் முதன்மைத் தலைவர் தாக்கியவர்கள் பக்கம் நின்று வாதாடினார் என்பதுதான் முஸ்லிம்களின் நினைவில் தங்கியது. 1888ஆம் ஆண்டுக் கட்டுரையின் தழும்போடு இதுவும் சேர்ந்துகொண்டது. தமிழர்-முஸ்லிம் உறவு பிற்காலத்தில் ஏன் இவ்வளவு நொய்ந்துபோனது என்று கேட்பவர்கள் 1980களிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

*

அவருடைய முரண்கள் எல்லாம் ஒரே வளவுக்குள் கூடி நிற்கும் இடம் மருதனார்மடம். பக்கத்து ஊரான உடுவிலில் 1824 முதல் அமெரிக்க மிசன் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளி இருந்தது. படிக்கப் போகும் சைவப் பெண் கிறிஸ்தவளாகித் திரும்புகிறாள் என்பது யாழ்ப்பாணத்தவரின் நெடுநாள் மனக்குறை. நாவலர் ஆண்பிள்ளைகளுக்குச் செய்ததைப் பெண்களுக்குச் செய்ய முனைந்தார் இராமநாதன். 1913இல் இராமநாதன் பெண்கள் கல்லூரி திறக்கப்பட்டது. பெரிய கட்டடங்கள், விடுதி, தேவாரம், சங்கீதம், ஆங்கிலம்.

அந்தக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்த அவர் அழைத்து வந்தவர் புளோரன்ஸ் ஃபார். லண்டன் நாடக மேடையில் புகழ்பெற்ற நடிகை. பெர்னாட் ஷாவின் நாடகங்களில் நடித்தவர். யேட்சின் கவிதைகளைச் சிறு யாழ் மீட்டி ஓதியவர். பெண் விடுதலை பற்றிக் கூர்மையாக எழுதியவர். இராமநாதனை லண்டனில் முன்பே சந்தித்திருந்தார். 1912இல் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு, ஐம்பது வயதைக் கடந்த நிலையில் யாழ்ப்பாணம் வந்தார். செம்மண் பூமியில், பனங்கூடல்களுக்கிடையில், பாவாடை தாவணி அணிந்த சைவப் பிள்ளைகள் நடுவே லண்டன் நடிகை ஒருவர் நடமாடுவதை உடுவில் மிசன் பெண்மணிகள் என்ன நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. 1917இல் புற்றுநோயால் கொழும்பில் இறந்தார். அவருடைய சாம்பலைக் களனி ஆற்றில் கரைத்தவர் இராமநாதன். யேட்ஸ் பின்னாளில் எழுதிய ஒரு கவிதையில் இவருடைய கடைசி ஆண்டுகள் இடம்பெறுகின்றன.

பெண்களுக்கு இவ்வளவு செலவழித்துக் கல்லூரி கட்டியவர், பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்றார். இதை முரண்பாடு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர் கணக்கில் முரண்பாடே இல்லை. கல்வி ஒருவரைப் பக்குவப்படுத்துவது. சைவ இல்லத்தை நடத்தும் பெண்ணை உருவாக்குவது. வாக்கு என்பது தலைக்கு ஒன்று என்று பங்கிடுவது. முன்னதைத் தன் கைப்பணத்தில் கொடுத்தார். பின்னதை யாருக்கும் அப்படிக் கொடுக்கக் கூடாது என்றார். 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்காகத் திறந்த பரமேஸ்வராக் கல்லூரியும் இந்த நோக்கத்தில் எழுந்ததுதான். அந்த வளவில்தான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது.

*

தம்பி அருணாசலத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் அண்ணனை அளவிட முடியாது. கேம்பிரிட்ஜில் படித்து, போட்டித் தேர்வில் வென்று சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் அருணாசலம். 1901ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பை நடத்தியவர். தலைகளை எண்ணி, அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் வறுமையையும் நோயையும் எழுதிய அனுபவம் அவருக்கு உண்டு. ஓய்வுக்குப் பின் சமூக சேவைக் கழகம், தொழிலாளர் நலச் சங்கம் என்று இறங்கினார். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று சிங்களத் தலைவர்கள் கொடுத்த வாக்கு காற்றில் போனதும் 1921இல் வெளியேறினார். 1924இல் தல யாத்திரை வந்த இடத்தில் மதுரையில் இறந்தார். நம்பி ஏமாந்தவர் என்று அவரைச் சொல்லலாம். அண்ணன் அந்த அளவுக்கு நம்பவில்லை, அதனால் அந்த அளவுக்கு ஏமாறவும் இல்லை. 1921இல் சேர் பட்டம் பெற்று, சபையில் வடக்கின் குரலாகத் தன் பழைய இடத்துக்கே திரும்பினார்.

டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் கொழும்பில் இறங்கியபோது தீவின் மக்களில் சுமார் 4 விழுக்காட்டினருக்கே வாக்கு இருந்தது. அதை எல்லாருக்கும் விரிக்க வேண்டும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க கேட்டார். அப்போதுதான் உருவாகியிருந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பெண்களுக்காகக் கேட்டது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் கொடுக்கலாமா என்று ஆணைக்குழு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தாமே என்று அச்சங்கத்தின் எக்னஸ் டி சில்வா பதில் சொன்னார். காங்கிரஸ் கனவான்கள் வருமானத் தகுதி வேண்டும் என்றார்கள். ஆகவே சர்வசன வாக்குரிமைக்கு அஞ்சியவர் இராமநாதன் மட்டும் என்பது வரலாறு அல்ல. மற்றவர்கள் அஞ்சியதை நாசூக்காகச் சொன்னார்கள், பிறகு எண்ணிக்கை தமக்குச் சாதகம் என்று கண்டதும் ஏற்றுக்கொண்டார்கள். இவர் உரக்கச் சொன்னார், கடைசிவரை சொன்னார்.

அறிக்கை 1928இல் வந்தது. ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்கு. நடைமுறைக்கு வரும்போது இருபாலருக்கும் 21 ஆயிற்று. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிக்கப்படும். இராமநாதனின் எதிர்ப்பில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன, பிரித்துப் பார்ப்பது நியாயம். எண்ணிக்கையே எல்லாம் என்றாகிவிட்டால் பெரும்பான்மை இனம் எப்போதும் ஆளும், சிறுபான்மை எப்போதும் கையேந்தும் என்பது ஓர் இழை. 1948க்குப் பிந்திய வரலாறு தெரிந்த எவரும் இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. மற்ற இழை, தாழ்த்தப்பட்ட சாதியாரும் பெண்களும் வாக்களித்தால் அது கும்பலாட்சியாகும், இந்து வாழ்வு முறைக்கே கேடாகும் என்பது. வேளாளருக்கு வெளியே இருந்த தமிழர்கள் அவர் காக்க நினைத்த ‘தமிழர்’ என்ற வட்டத்துக்குள் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடையாது. யாழ்ப்பாணப் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டதற்காகச் சில பள்ளிகள் கொளுத்தப்பட்டதும் அதே காலத்தில்தான். முதல் இழையை வைத்து இரண்டாவதை மன்னிப்பவர்கள் இன்றும் உண்டு. தன் வீட்டுக்குள் எண்ணிக்கையை மறுத்தவர், வெளியே எண்ணிக்கையால் வரும் அநீதியைப் பற்றிப் பேசியபோது அந்தப் பேச்சின் பலம் பாதியாகிவிட்டது என்பதே என் எண்ணம்.

1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை டொனமூர் திட்டத்தை 19க்கு 17 என்ற கணக்கில் ஏற்றது. இரண்டே வாக்கு. இராமநாதன் எதிர்த்து வாக்களித்தார். பிறகு 1915இல் செய்ததையே செய்தார்: கொழும்பில் தோற்றால் லண்டனில் மேன்முறையீடு. 79 வயதில் கப்பலேறினார், மகஜரை அச்சிட்டார். ஆனால் லண்டன் மாறியிருந்தது. ஆட்சியில் தொழிற்கட்சி. குடியேற்ற நாட்டு அமைச்சர் பாஸ்ஃபீல்ட் பிரபு, பட்டம் பெறுமுன் சிட்னி வெப் என்ற பெயரால் உலகறிந்த சோசலிசவாதி. அவருக்குத் துணையமைச்சர் ட்ரமண்ட் சீல்ஸ், டொனமூர் ஆணைக்குழுவில் இருந்து அந்த அறிக்கையிலேயே கையொப்பமிட்டவர். எழுதியவரிடமே எழுதியதை எதிர்த்து முறையிடுவதாக முடிந்தது வழக்கு.

1930 நவம்பரில் இராமநாதன் காலமானார். மருதனார்மடத்தில், தன் பெண்கள் கல்லூரி வளவில், சமாதி வைக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு இலங்கை முழுவதும் 21 வயது வந்த ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள். ஆசியாவின் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அதுவே முதல் தடவை. வடக்கில் மட்டும் நான்கு ஆசனங்கள் காலியாகக் கிடந்தன. காரணம் இராமநாதன் சொன்னதல்ல. அதற்கு நேர் எதிர். டொனமூர் திட்டம் போதாது, முழுச் சுயராச்சியம் வேண்டும் என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பு நடத்தியது. சமபந்தியும் தாய்மொழிக் கல்வியும் பேசிய அந்த இளைஞர்களின் அரசியலில் பழைய முதலியார் குடும்பங்களுக்கு இடமிருக்காது என்றுதான் அன்று தோன்றியிருக்கும். 1934இல் பகிஷ்கரிப்பு முடிந்து இடைத்தேர்தல்கள் நடந்தன. யாழ்ப்பாணத் தொகுதியில் வென்றவர் அருணாசலத்தின் மகன் மகாதேவா. காங்கேசன்துறையில் வென்றவர் பரமேஸ்வராக் கல்லூரி அதிபர் சு. நடேசபிள்ளை, இராமநாதனின் மருமகன். வேளாளர் அல்லாதவர்களிடமும், இராமநாதன் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பெண்களிடமும் அவர் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது.